இரண்டு மருந்துக்கும் ‘ஆர்’ என்று வந்த கல்ச்சர் அறிக்கை: சேர்த்துக் கொடுத்தால் எப்படிக் கேட்கும்?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். என் அத்தைக்குச் சிறுநீர்ப்பாதையில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டதால், வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோய் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். இரத்தக் கல்ச்சரில் க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. அறிக்கையில் ஏறக்குறைய எல்லா மருந்துகளுக்கும் எதிரே ‘ஆர்’ என்று போட்டிருக்கிறார்கள். அந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காது என்று பொருள். மெரோபெனமுக்கு ‘ஆர்’, செஃப்டாசிடிம்-அவிபாக்டமுக்கு ‘ஆர்’, அஸ்ட்ரியோனாமுக்கும் ‘ஆர்’. ஆனால் மருத்துவர் இப்போது ஏற்றிக்கொண்டிருப்பது கடைசியில் சொன்ன இரண்டு மருந்துகளைத்தான், அதுவும் ஒரே நேரத்தில்.

தனித்தனியே பயன்படாது என்று ஆய்வகமே எழுதித் தந்த இரண்டு மருந்துகள் சேர்ந்தால் எப்படிப் பலன் தரும்? சிகிச்சைக்கு நான் ஆலோசனை கேட்கவில்லை. அதை மருத்துவர்கள் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். கொஞ்சம் ஆழமாகச் சொன்னாலும் பின்தொடர முடியும்.

ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியர், பாலக்காடு

அத்தை விரைவில் நலம்பெற வேண்டும் அம்மா. உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த புதிய மருந்துகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படையை இந்த ஒரு கேள்வியின் வழியாகவே விளக்கிவிடலாம்.

பாக்டீரியாவைச் சுற்றிப் பெப்டிடோகிளைக்கானால் ஆன செல்சுவர் இருக்கிறது. பாக்டீரியா வளரும்போது அந்தச் சுவரின் இழைகளைக் குறுக்காக இணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளழுத்தம் தாங்காமல் செல் உடைந்துவிடும். இணைக்கும் வேலையைச் செய்பவை பென்சிலின் பிணைப்புப் புரதங்கள். பென்சிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனெம், மோனோபாக்டம் ஆகிய நான்கு குடும்ப மருந்துகளிலும் பீட்டா-லாக்டம் என்ற நான்கு அணு வளையம் உண்டு. அந்த வளையம் இந்தப் புரதங்களோடு பிணைந்து அவற்றின் வேலையை நிறுத்துகிறது. உங்கள் பட்டியலில் மெரோபெனம் கார்பபெனெம் குடும்பம், செஃப்டாசிடிம் செஃபலோஸ்போரின் குடும்பம், அஸ்ட்ரியோனாம் மோனோபாக்டம் குடும்பம்.

க்ளெப்சியெல்லா, ஈ.கோலை, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்குச் செல்சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வும் இருக்கிறது. மருந்து அந்த வெளிச்சவ்விலுள்ள போரின் என்ற துளைப்புரதங்களின் வழியாக நுழைந்து, இரண்டு சவ்வுகளுக்கும் இடையிலுள்ள பகுதியைக் கடந்து இலக்கை அடைய வேண்டும். இங்கே பாக்டீரியாவால் நான்கு வகையில் தப்பிக்க முடியும்: போரின்களைக் குறைத்துக்கொள்ளலாம், உள்ளே வந்த மருந்தை இறைத்து வெளியேற்றும் புரதங்களைப் பெருக்கிக்கொள்ளலாம், இலக்குப் புரதத்தின் வடிவையே மாற்றிக்கொள்ளலாம், அல்லது மருந்தின் வளையத்தை உடைக்கும் நொதிகளை அந்த இடைப்பகுதியில் நிரப்பி வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் அன்றாடம் நம்மை வாட்டுவது இந்தக் கடைசி வழி. அந்த நொதிகளின் பொதுப்பெயர் பீட்டா-லாக்டமேஸ்.

இனி வேதியியல் ஆசிரியைக்கான பகுதி. பீட்டா-லாக்டமேஸ்களை ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ, சி, டி மூன்றும் தங்கள் மையத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு வளையத்தைத் தாக்குகின்றன. அப்போது மருந்து சிறிது நேரம் அந்தச் செரினோடு சகபிணைப்பில் இருந்து, பிறகு உடைந்து வெளியேறுகிறது. பி வகுப்பின் முறை முற்றிலும் வேறு. அதன் மையத்தில் துத்தநாக அயனிகள் இருக்கின்றன. அவை ஒரு நீர் மூலக்கூறைத் தூண்டி, அந்த நீரைக் கொண்டே வளையத்தை நேரடியாக உடைத்துவிடுகின்றன. நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் என்டிஎம் இந்த வகுப்பைச் சேர்ந்தது. 2008-இல் ஸ்வீடனில், முன்பு தில்லியில் சிகிச்சை பெற்றிருந்த ஒருவரிடமிருந்து எடுத்த க்ளெப்சியெல்லாவில் இதை முதலில் கண்டார்கள். சென்னை, ஹரியானா மாதிரிகளிலும் இது இருப்பதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அவிபாக்டம் தானாகக் கிருமியைக் கொல்லும் மருந்து அல்ல. அது நொதியைத் தடுக்கும் மருந்து. ஏ, சி வகுப்பு நொதிகளின் செரினிலும், டி வகுப்பில் ஆக்சா-48 போன்றவற்றின் செரினிலும் போய்ப் பிணைந்துகொள்கிறது. கிளாவுலானிக் அமிலம் போன்ற பழைய தடுப்பான்கள் நொதியைத் தடுக்கும்போது தாமும் சிதைந்து போகும். அவிபாக்டம் விடுபடும்போது பெரும்பாலும் சிதையாமல் வெளியே வந்து அடுத்த நொதியைப் பிடிக்கிறது. ஆனால் என்டிஎம் நொதியில் பிணைவதற்குச் செரினே இல்லாததால், அங்கே அவிபாக்டத்துக்கு வேலை இல்லை. உங்கள் அறிக்கையைப் பார்த்தால் அத்தையின் கிருமியிடம் இருப்பது என்டிஎம் என்றே தோன்றுகிறது. அது செஃப்டாசிடிமை உடைத்துவிடுகிறது. செஃப்டாசிடிம்-அவிபாக்டமுக்கு ‘ஆர்’ இப்படி வந்தது.

அஸ்ட்ரியோனாமின் வளையத்தை என்டிஎம் உடைப்பதில்லை. அந்த மூலக்கூறின் வடிவம் அதற்கு ஒத்துவராது. அப்படியென்றால் அது மட்டுமே போதுமே என்று தோன்றும். ஆனால் என்டிஎம் வைத்திருக்கும் கிருமி அதை மட்டும் வைத்திருப்பதில்லை. ஈஎஸ்பிஎல் எனப்படும் ஏ வகுப்பு நொதிகளும், பல வேளைகளில் சி வகுப்பு நொதிகளும் கூடவே இருக்கின்றன; அவை அஸ்ட்ரியோனாமை உடைத்துவிடுகின்றன. அஸ்ட்ரியோனாமுக்கு ‘ஆர்’ இப்படி வந்தது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அவிபாக்டம் செரின் நொதிகளைக் கட்டிப்போடுகிறது. என்டிஎம் கட்டப்படாமல் இருந்தாலும் அதனால் அஸ்ட்ரியோனாமைத் தொட முடியாது. ஆகவே அஸ்ட்ரியோனாம் முழுதாக இலக்கை அடைந்து செல்சுவர்க் கட்டுமானத்தை நிறுத்துகிறது. அறிக்கையில் ஒவ்வொரு மருந்தையும் தனியாகச் சோதித்து எழுதியிருப்பதால் இந்தக் கூட்டுப்பலன் அந்தப் பட்டியலில் தெரியவில்லை.

கோபாலபுரம் வாசகர்

ஐயா, மிகத் தெளிவாக விளக்கினீர்கள். ஒரு சந்தேகம். கொல்லும் வேலையை அஸ்ட்ரியோனாமும் காக்கும் வேலையை அவிபாக்டமும் செய்கின்றன என்றால், நடுவில் செஃப்டாசிடிம் எதற்கு? நோயாளியின் உடலில் தேவையில்லாத ஒரு மருந்தும் ஏறுகிறதே.

தீவிர சிகிச்சை மருத்துவர், கோவை

பேராசிரியர் அனுமதித்தால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். அவிபாக்டம் முதலில் சந்தைக்கு வந்தது செஃப்டாசிடிமோடு சேர்ந்த ஒரே குப்பியாகத்தான். அமெரிக்காவில் 2015-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அங்கே பெரிய சிக்கலாக இருந்தது கேபிசி என்ற ஏ வகுப்பு நொதி. அதற்கு அந்த இணை போதுமானது. நமக்குத் தேவைப்பட்டது அவிபாக்டம் மட்டுமே என்றாலும், அதைத் தனியாக வாங்க வழியில்லாததால், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் குப்பியையும் அஸ்ட்ரியோனாம் குப்பியையும் சேர்த்து ஏற்றும் வழக்கம் வந்தது. அஸ்ட்ரியோனாமும் அவிபாக்டமும் சேர்ந்த ஒரே மருந்துக்கு ஐரோப்பாவில் 2024-இலும் அமெரிக்காவில் 2025-இலும் ஒப்புதல் கிடைத்திருக்கிறது.

இரண்டு குப்பிகளையும் ஒரே நேரத்தில் ஏற்றுவதற்குக் காரணம் உண்டு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கொடுத்தால், அஸ்ட்ரியோனாம் இரத்தத்தில் உயர்ந்திருக்கும் நேரத்தில் அதைக் காக்க அவிபாக்டம் போதிய அளவில் இருக்காது. இரண்டின் அளவும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும்.

இந்தக் கூட்டு ஒரு குறிப்பிட்ட கிருமியிடம் பலிக்குமா என்பதை ஆய்வகத்தில் முன்கூட்டியே பார்க்க முடியும். கிருமியைத் தட்டில் பரப்பி, இரண்டு மருந்துகளும் தனித்தனியே தோய்ந்த இரண்டு காகித வட்டுகளை அருகருகே வைத்தால், ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றிக் கிருமி வளர்ந்துவிடும். ஆனால் இரண்டிலிருந்தும் மருந்து கசிந்து கலக்கும் இடைவெளியில் மட்டும் வளராது. திரவத்தில் இரண்டு வட்டுகளையும் ஊறவைத்துச் சோதிக்கும் முறை இன்னும் நம்பகமானது. அதனால் ஆசிரியை அவர்களே, ‘கூட்டுச் சோதனை செய்தீர்களா’ என்று உங்கள் மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. எந்த மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். க்ளெப்சியெல்லாவில் நன்றாகப் பலிக்கும் இந்தக் கூட்டு, இந்திய ஈ.கோலை கிருமிகள் சிலவற்றில் தடுமாறுகிறது. அவற்றின் மூன்றாம் எண் பென்சிலின் பிணைப்புப் புரதத்தில் நான்கு அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கின்றன. அஸ்ட்ரியோனாம் போய்ச் சேர வேண்டிய இடமே மாறிவிட்டதால், நொதிகளையெல்லாம் அடக்கினாலும் மருந்து முன்போலப் பிணைவதில்லை. எனவே ‘என்டிஎம்-முக்கு இந்தக் கூட்டு’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட முடியாது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. துத்தநாகமும் நீரும் என்று சொன்னதும் எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. மருத்துவர் ஐயாவின் சொல்படி கேட்டேன். கூட்டுச் சோதனை செய்து, பலிக்கும் என்று தெரிந்த பிறகே தொடர்வதாகச் சொன்னார்கள். அத்தைக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறது. ஒரு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது: அறிக்கையில் கோலிஸ்டின் என்ற மருந்துக்கு எதிரே ‘ஆர்’ இல்லை, வேறு ஏதோ குறிப்பு இருந்தது. அதைக் கொடுக்காமல் ஏன் இதைக் கொடுக்கிறார்கள்?

தீவிர சிகிச்சை மருத்துவர், கோவை

கேட்க நிம்மதியாக இருக்கிறது. கோலிஸ்டின் 1950-ஐ ஒட்டி ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட பழைய மருந்து; சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பல ஆண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்டு, வேறு வழியில்லாமல் திரும்ப எடுக்கப்பட்டது. அது கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வோடு பிணைந்து அதைச் சிதைக்கிறது. ஆனால் பலன் தரும் அளவுக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அளவுக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறைவு. மேலும் அதன் சென்சிட்டிவிட்டியைச் சாதாரண வட்டு முறையில் நம்பகமாகப் பார்க்க முடியாது. இந்தக் காரணங்களால் 2020 முதல் அமெரிக்கத் தரநிலையில் கோலிஸ்டினுக்கு ‘கேட்கும்’ என்ற வகையையே நீக்கிவிட்டு, ‘இடைநிலை’ அல்லது ‘ஆர்’ என்றுதான் எழுதச் சொல்கிறார்கள். நீங்கள் பார்த்த குறிப்பு இந்த ‘இடைநிலை’யாக இருக்கும்.

புதிய மருந்துகளின் உண்மையான மதிப்பு கோலிஸ்டினோடு ஒப்பிடும்போது தெரிகிறது. அசினெட்டோபாக்டருக்காக வந்த சல்பாக்டம்-டர்லோபாக்டம் மருந்தைக் கோலிஸ்டினோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில், 28 நாளுக்குள் இறந்தவர்கள் புதிய மருந்தில் 19 சதவீதம், கோலிஸ்டினில் 32 சதவீதம். சிறுநீரகப் பாதிப்பு 13 சதவீதத்துக்கு எதிராக 38 சதவீதம். வெண்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் பக்கத்தில் நின்று மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களுக்கு இந்த எண்களின் பொருள் நன்றாகவே தெரியும்.

மீனாட்சிபுரம் பால் விவசாயி

ஐயாமார் எல்லோருக்கும் வணக்கம். நான் மாடு வளர்ப்பவன். படிப்பு குறைவு என்றாலும் இந்த இழையை முழுவதும் படித்தேன். இரும்பைக் காட்டி ஏமாற்றி பாக்டீரியாவுக்குள் போகும் ஒரு மருந்து இருப்பதாக எங்கள் கால்நடை மருத்துவர் ஒருமுறை சொன்னார். மாத்திரையை நேராகக் கொடுத்தால் பசு துப்பிவிடும் என்று புண்ணாக்கு உருண்டைக்குள் வைத்துக் கொடுப்போம். அதைப் போன்றதுதானா அது? எந்த மருந்து என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் சித்தூர் வட்டாரத்தில் பால் சங்கங்கள் அதிகம். மடிநோய் வந்தால் ஊசி போடுகிறோம், மடிக்குள் டியூப் ஏற்றுகிறோம். பல வேளைகளில் அது மனிதர்களுக்குப் போடும் அதே செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்து. மீனாட்சிபுரத்துச் சோதனைச்சாவடியில் பாலைப் பரிசோதிக்கிறார்கள். இதற்கும் நீங்கள் பேசும் விஷயத்துக்கும் தொடர்பு உண்டா?

ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியர், பாலக்காடு

புண்ணாக்கு உருண்டை மிகப் பொருத்தமான உவமை ஐயா. அந்த மருந்தின் பெயர் செஃபிடெரோகால். ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் உருவாக்கியது. அமெரிக்காவில் 2019-இல் ஒப்புதல் பெற்றது.

நம் உடலுக்குள் புகுந்த பாக்டீரியாவுக்கு இரும்பு மிகவும் தேவை. ஆனால் உடல் தன் இரும்பைப் புரதங்களோடு இறுகப் பிணைத்து வைத்திருக்கிறது, தொற்று வந்தால் இன்னும் இறுக்குகிறது. அதனால் பாக்டீரியா சிடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறுகளை வெளியே அனுப்பி, இரும்பைக் கவ்வி எடுத்து, அதற்கென்றே வெளிச்சவ்வில் வைத்திருக்கும் ஏற்பிகளின் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. செஃபிடெரோகால் ஒரு செஃபலோஸ்போரின். அதன் பக்கக்கிளையில் கேட்டகால் என்ற அமைப்பை ஒட்டவைத்திருக்கிறார்கள். அது இரும்பைப் பிடித்துக்கொள்வதால், பாக்டீரியா அதைத் தன் இரும்புச் சுமையாகக் கருதித் தானே உள்ளே கொண்டுபோகிறது. போரின் துளைகளைக் குறைத்துக்கொண்ட கிருமிக்குள்ளும் இப்படி நுழைய முடிகிறது. உள்ளே போனபின், பெரும்பாலான பீட்டா-லாக்டமேஸ்களை, துத்தநாக வகையையும் உட்பட, ஓரளவு தாங்கும் அமைப்பும் அதற்கு இருக்கிறது.

இதிலும் வரம்புகள் உண்டு. இரும்பு ஏற்பியில் மாற்றம் ஏற்பட்டால் நுழைவு குறைகிறது. என்டிஎம் மிகுதியாகச் சுரக்கும் கிருமிகளில் தேவைப்படும் மருந்தளவு உயர்கிறது. வேறு வழியில்லாத நோயாளிகளிடம் நடத்திய ஒரு ஆய்வில், அசினெட்டோபாக்டர் தொற்றுள்ளவர்களிடையே செஃபிடெரோகால் பிரிவில் இறப்பு கூடுதலாக இருந்தது. இது கெட்டிக்காரத்தனமான மூலக்கூறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைப் பற்றிய செய்திகளில் வெளிப்படும் உற்சாகம் அளவுக்கு மீறியது என்பது என் கருத்து.

நம் நாட்டின் நோக்கில் என்னை அதிகம் ஈர்ப்பது சைடிபாக்டம். மும்பை நிறுவனமான வோக்ஹார்ட் உருவாக்கியது. அவிபாக்டத்தைப் போல நொதிகளைத் தடுப்பதோடு அது நின்றுவிடுவதில்லை. தானே இரண்டாம் எண் பென்சிலின் பிணைப்புப் புரதத்தில் போய்ப் பிணைகிறது. அதனோடு இணைந்து வரும் செஃபெபைம் மூன்றாம் எண் புரதத்தில் பிணைகிறது. செல்சுவர்க் கட்டுமானம் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் தடைபடுவதால், என்டிஎம் செஃபெபைமில் ஒரு பகுதியை உடைத்துவிட்டாலும் மீதமுள்ள அளவே கிருமியைக் கொல்லப் போதுமானதாகிறது. உடைக்கும் நொதியைத் தேடிப்போய் அடக்குவதைவிட, அது உடைத்த பிறகும் வேலை முடியும்படி செய்வது வேறு சிந்தனை. என்டிஎம் மிகுந்த நாட்டிலிருந்து இந்தச் சிந்தனை வந்ததில் எனக்கு வியப்பில்லை.

இவை எல்லாமே பீட்டா-லாக்டம் வழியைச் சேர்ந்தவை. முற்றிலும் புதிய இலக்கு என்று சொல்லத்தக்கது சோசுரபால்பின். வெளிச்சவ்வின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய கொழுப்புச்சர்க்கரை மூலக்கூறுகளை உள்ளிருந்து வெளியே கொண்டுபோகும் புரத அமைப்பை அது அடைத்துவிடுகிறது. அவை போய்ச்சேராமல் உள்ளேயே தேங்கி அசினெட்டோபாக்டர் இறக்கிறது. 2024 தொடக்கத்தில் இதன் விவரம் வெளியானது. இது இன்னும் ஆய்வு நிலையில் இருக்கும் மருந்து.

பால் பற்றிய கேள்விக்கு வருகிறேன். தொடர்பு நேரடியானது. செஃப்ட்ரியாக்சோன் போன்ற மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின் மாட்டுக்கு ஏறும்போது, அதன் குடலில் ஈஎஸ்பிஎல் நொதி உள்ள ஈ.கோலை மட்டும் பிழைத்துப் பெருகுகிறது. அது சாணத்தின் வழியாக மண்ணுக்கும் நீருக்கும் கைக்கும் வருகிறது. அந்த நொதிக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற வளையத் துண்டுகளில் இருப்பதால், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொரு வகை பாக்டீரியாவுக்கும் தாவ முடியும். கோலிஸ்டினுக்கு எதிரான அப்படிப்பட்ட மரபணு 2015-இல் சீனாவில், பன்றிப் பண்ணைகளைக் கண்காணித்தபோது கண்டறியப்பட்டது. இந்திய அரசு 2019-இல் உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது. மடிநோய்க்கு மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; பாலை எடுத்துக் கல்ச்சர் பார்த்து, எளிய மருந்து கேட்கும் என்றால் அதைப் போடச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஊசிக்குப்பின் சொல்லப்பட்ட நாள்வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றாமல் இருப்பதும் முக்கியம்.

எல்லையோர மருந்தாளுநர், கொழிஞ்சாம்பாறை

மும்பையைப் பற்றிப் பேராசிரியர் சொன்னார். சென்னையைப் பற்றி நான் சொல்ல வேண்டும். என்மெட்டாசோபாக்டம் என்ற தடுப்பானைக் கண்டுபிடித்தது சென்னையின் ஆர்கிட் நிறுவனம். செஃபெபைமும் என்மெட்டாசோபாக்டமும் சேர்ந்த மருந்துக்கு, சிக்கலான சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்காக, அமெரிக்காவில் 2024 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. பழைய டசோபாக்டத்தில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்ததுதான் மாற்றம். அதனால் மூலக்கூறின் நிகர மின்னூட்டம் சமன்பட்டு, பாக்டீரியாவின் வெளிச்சவ்வைக் கடப்பது எளிதாகிறது. பிப்பராசிலின்-டசோபாக்டத்தோடு ஒப்பிட்ட ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 59 பேரிடம் கிடைத்த வெற்றி இதில் சுமார் 79 பேரிடம் கிடைத்தது. செஃபிடெரோகாலை ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்காகத் தயாரிக்கும் உரிமமும் அதே ஆர்கிட் நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்மெட்டாசோபாக்டம் ஈஎஸ்பிஎல் நொதிக்கு உரியது. என்டிஎம் உள்ள கிருமியிடம் அதனால் ஆகக்கூடியது எதுவுமில்லை. அதன் பயன் வேறு: ஈஎஸ்பிஎல் கிருமிக்கெல்லாம் மெரோபெனம் போடும் பழக்கத்தை அது குறைக்கலாம். மெரோபெனம் குறைந்தால், அதை உடைக்கும் கிருமிகளுக்குக் கிடைக்கும் வாய்ப்பும் குறையும்.

கோபாலபுரம் வாசகர்

எனக்கு இதில் மாற்றுக்கருத்து உண்டு. நல்ல மருந்து கையில் இருக்கும்போது அதைப் பூட்டி வைத்துவிட்டு, எளிய மருந்தில் தொடங்கி, அது தோற்ற பிறகு அடுத்தது என்று போவது நோயாளிக்குச் செய்யும் அநீதி அல்லவா? இரத்தத்தில் தொற்று கலந்தவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். முதல் ஊசியே புதிய மருந்தாக இருந்தால் என்ன?

எல்லையோர மருந்தாளுநர், கொழிஞ்சாம்பாறை

பாதி உங்களோடு ஒத்துப்போகிறேன். உயிருக்குப் போராடுகிறவருக்கு மருந்தைத் தாமதிப்பது தவறுதான். ஆனால் நீங்கள் சொல்வது நடைமுறையில் எங்கே போய் முடியும் என்பதை நான் கடையில் தினமும் பார்க்கிறேன். சளிக்காய்ச்சலுக்கு ‘பவரான மாத்திரை’ கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றால், தமிழ்நாட்டு எல்லை தாண்டினால் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்-1 பட்டியல் 2014 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின்களும் கார்பபெனெம்களும் அதில் அடக்கம். சீட்டைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றே. கேரளத்தில் 2018-இல் ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கிருமிகள் அடங்காமல் போவதைத் தடுக்க மாநிலச் செயல்திட்டம் வந்தது. 2024-இல் ‘அம்ருத்’ என்ற பெயரில் கடைகளில் சோதனை தொடங்கியது. ஆன்டிபயாட்டிக் என்று தெரியும்படி நீல உறையில் போட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். இவற்றால் எங்களுக்கு வேலை கூடியது உண்மை. நான் அதை முழு மனதோடு வரவேற்கிறேன்.

தீவிர சிகிச்சை மருத்துவர், கோவை

கோபாலபுரம் வாசகரின் கவலை நியாயமானது. ஆனால் ‘புதியது’ என்பதையும் ‘வலிமையானது’ என்பதையும் ஒன்றாக எண்ணுவதில் சிக்கல் இருக்கிறது. மெரோபெனம்-வேபோர்பாக்டம் 2017-இல் வந்த மருந்து. கேபிசி நொதிக்கு எதிராக அருமையானது. நம் நாட்டில் கேபிசி அரிது. என்டிஎம்-மும் ஆக்சா-48 வகையும்தான் மிகுதி. இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் க்ளெப்சியெல்லாவும் ஏராளம். அந்தப் புதிய மருந்தை இங்கே முதல் ஊசியாகப் போட்டால், பெரும்பாலானவர்களுக்கு அது மெரோபெனம் போட்டதற்குச் சமமாகவே முடியும். ஆக்சா-48 மட்டும் இருந்தால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் தனியாகவே போதும். என்டிஎம் இருந்தால் அஸ்ட்ரியோனாம் சேர வேண்டும். அசினெட்டோபாக்டர் என்றால் கணக்கே வேறு. ஆகவே மருந்தைத் தேர்ந்தெடுக்க, எந்த நொதி என்று முதலில் தெரிய வேண்டும்.

அதைக் கண்டறிய இப்போது நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. கல்ச்சரில் கிருமி வளர்ந்துவிட்டால், கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போன்ற ஒரு பட்டையில் என்டிஎம், ஆக்சா-48, கேபிசி ஆகியவற்றை 15 நிமிடத்தில் பிரித்தறியலாம்; மரபணுவைப் பார்க்கும் இயந்திரச் சோதனை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடியும். புதிய மருந்தை வாங்கிவைக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் இந்தச் சோதனையையும் வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் வரும் நோயாளிக்கு, அந்த மருத்துவமனையில் வழக்கமாக வளரும் கிருமிகளைக் கணக்கில் கொண்டு, பல கிருமிகளை அடக்கும் விரிவான மருந்தில் தொடங்கி, முடிவு வந்ததும் குறுக்கிக்கொள்கிறோம். நீங்கள் கேட்ட நீதி நோயாளிக்கு இந்த வழியில் கிடைக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் தொடர்ந்து ஏறும் நோயாளியின் உடலுக்குள்ளேயே, கேபிசி நொதியில் 179-ஆம் இடத்திலுள்ள ஒரே ஒரு அமினோ அமிலம் மாறி, மருந்து கேட்காமல் போவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த மாற்றத்தால் கிருமி மீண்டும் மெரோபெனமுக்கு அடங்கும் நிலைக்கு வந்துவிடுவது விந்தையான செய்தி. ஆனால் அதை நம்பிச் சிகிச்சை செய்ய முடியாது.

புதிய மருந்து தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். பிளாசோமைசின் என்ற நல்ல மருந்து 2018 ஜூனில் ஒப்புதல் பெற்றது; அதை உருவாக்கிய அமெரிக்க நிறுவனம் 2019 ஏப்ரலில் திவாலானது. குறைவாகப் பயன்படுத்த வேண்டிய மருந்தை விற்று நிறுவனம் பிழைக்க முடியவில்லை. பிறகு அதன் உரிமையைச் சிப்லா வாங்கியது.

நகரி காசநோய்ப் பணியாளர்

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். காசநோய்த் துறையில் புதிய மருந்து என்ன செய்ய முடியும் என்பதை நாங்கள் கண்கூடாகப் பார்க்கிறோம் என்பதால் இதையும் சேர்க்க விரும்புகிறேன். பெடாகுவிலின், காசநோய்க் கிருமியின் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கும் நொதியை நிறுத்துகிறது. அதற்குமுன் எந்தக் காசநோய் மருந்தும் தொடாத இலக்கு அது. பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினெசோலிட், மாக்சிஃபுளோக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சைக்கு இந்திய அரசு 2024-இல் ஒப்புதல் அளித்தது. முன்பு மருந்து கேட்காத காசநோய்க்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் சிகிச்சை. ஊசியால் காது கேளாமல் போனவர்களும் உண்டு. இங்கும் மருத்துவர் ஐயா சொன்னதே பொருந்தும்: எந்த மருந்து கேட்கும் என்ற சோதனை முதலில், மருந்து பிறகு. லினெசோலிட் இரத்த அணுக்களையும் நரம்பையும் பாதிக்கக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

அத்தை சாதாரண வார்டுக்கு மாறிவிட்டார். மறுமுறை எடுத்த இரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. எல்லோருடைய நல்ல சொற்களுக்கும் நன்றி. வீட்டுக்கு அழைத்து வந்தபின் நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அந்தக் கிருமி அத்தையிடம் இன்னும் இருக்குமா?

தீவிர சிகிச்சை மருத்துவர், கோவை

மிக்க மகிழ்ச்சி அம்மா. இரத்தத்தில் இல்லை என்றாலும் குடலில் அந்தக் கிருமி சில மாதங்கள் தங்கியிருக்கக்கூடும். அப்படிக் குடலில் தங்கியிருப்பது மட்டுமே நோய் அல்ல, அதற்கென்று ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும் இல்லை. சிறுநீரில் கிருமி இருக்கிறது என்று பின்னர் ஒரு அறிக்கை வந்தாலும், காய்ச்சலோ எரிச்சலோ வேறு அறிகுறியோ இல்லாவிட்டால் மருத்துவரைக் கேட்காமல் மருந்து தொடங்க வேண்டாம். கழிப்பறைக்குப் போய் வந்த பின்னும், குழந்தையைத் தூக்கும் முன்னும், சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் வீட்டுக்குப் போதுமானது. அத்தையைத் தனி அறையில் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. சிறுநீர்க்குழாய் பொருத்தியிருந்தால், தேவை முடிந்த நாளே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கல்ச்சர் அறிக்கையின் நகலையும், எந்த நொதி என்று காட்டிய சோதனை முடிவையும், டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பாலக்காட்டிலோ கோவையிலோ எந்த மருத்துவமனைக்குப் போனாலும், சேர்க்கும்போதே அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள். அங்குள்ளவர்கள் சரியான மருந்தில் தொடங்குவதற்கும், பக்கத்துப் படுக்கை நோயாளிக்குக் கிருமி பரவாமல் பார்த்துக்கொள்வதற்கும் அது உதவும்.